மலையிலிருந்து மெயின்பிரேம்: ஸ்டாக்கில் சேரும் கட்டளைப் பதில்களைப் பத்திரமாகக் கையாளும் முறை

பயனர் கட்டளைகளைத் தட்டும் சூழலான சிஎம்எஸ் அமைப்பில் ஒரு ரெக்ஸ் மொழி நிரல் முடியும்போது ஸ்டாக்கில் (நிரல்கள் வரிகளை இட்டுவைத்து எடுக்கும் வரிசையில்) ஒரு வரி மிச்சம் இருந்தால், அந்த வரி அடுத்த கட்டளையாக ஓடும். சிஎம்எஸ் ஓடும் ஐபிஎம் மெயின்பிரேம் இயங்குதளமான இசட்விஎம்மில் வேலை பார்க்கும் எவரும் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பலர் ஆண்டுக்கணக்கில் நிரல் எழுதிய பிறகுதான் இதன் முழுப் பொருளை உணர்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏ டிஸ்க்கில் உள்ள எக்ஸெக் கோப்புகளின் (நிரல் கோப்புகளின்) பட்டியலை லிஸ்ட்ஃபைல் கட்டளையால் ஸ்டாக்கில் இடுகிறீர்கள். பத்துக் கோப்புகள் இருக்கின்றன. தேடிய பெயர் நான்காம் வரியிலேயே கிடைத்துவிட, நிரல் வட்டத்தை (லூப்பை) விட்டு வெளியேறி முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள ஆறு வரிகளும் 'புரொஃபைல் எக்ஸெக் ஏ1' என்பது போன்ற வடிவில் இருக்கும். சிஎம்எஸ் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் சொல்லைக் கட்டளையாகவும் மற்றவற்றை அதற்கான வாதங்களாகவும் கொள்ளும். முதல் சொல் ஓர் எக்ஸெக் கோப்பின் பெயர் என்பதால் அந்த நிரல் உண்மையாகவே ஓடும். அது பழைய கோப்புகளை அழிக்கும் நிரலாக இருந்தால், யாரும் கேட்காமலே அழிப்பு நடந்து முடிந்திருக்கும்.

நீலகிரியில் இருந்துகொண்டு தொலைவில் உள்ள மெயின்பிரேமைப் பராமரிப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் பலமாக இறங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் மலைப்பாதையில் மண் சரியும்; மரம் விழுந்து மின்கம்பி அறும்; இணையம் போகும். திரைத் தொடர்பு அறுந்ததும், இசட்விஎம் உங்களுக்குத் தனிக் கணினி போலத் தரும் விர்ச்சுவல் மெஷின் டிஸ்கனெக்ட் நிலைக்குப் போய்விடும். நிரல் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் அது திரையிடம் பதில் கேட்டு நின்றால், விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் சிபி பொதுவாக 15 நிமிடம் பொறுத்துப் பார்க்கும். பிறகு அந்த மெஷினை வெளியேற்றிவிடும். இந்தக் கால அளவை நிர்வாகி மாற்றி வைத்திருக்கக்கூடும். ஆகவே ஸ்டாக்கில் ஒரு வரி கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. கூடினால் கேட்காத கட்டளை ஓடும். குறைந்தால், பார்க்க ஆளில்லாத திரையின் முன் நிரல் நின்றுபோகும்.

கோத்தகிரியில் நான் பயிற்சி தரும் இளைஞர்களுக்கு இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். ரெக்ஸ் மொழியின் அடிப்படையும், பைப் கட்டளையை ஓரிரு முறை பயன்படுத்திய பழக்கமும் இருந்தால் போதும்.

முதல் படி: ஸ்டாக்கின் நடத்தையை அறிதல்

ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் நிரல் ஸ்டாக் ஒன்றுதான். நீங்கள் எழுதிய நிரல், அது அழைக்கும் நிரல், அதை அழைத்த நிரல் ஆகிய அனைத்தும் இதே ஸ்டாக்கைத்தான் பகிர்கின்றன. க்யூ கட்டளை ஒரு வரியை வரிசையின் கடைசியில் வைக்கும். புஷ் கட்டளை முன்னால் வைக்கும். புல் முன்னால் இருப்பதை எடுக்கும். ஸ்டாக் காலியாக இருந்தால் புல், திரையில் முன்கூட்டியே தட்டிய வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். அவையும் இல்லையென்றால் திரையிடம் கேட்டு நிற்கும். மேலே சொன்ன 15 நிமிடச் சிக்கல் பிறக்கும் இடம் இதுதான்.

மேக்பஃப் கட்டளை ஸ்டாக்கின் மேல் புதிய பஃபர் (தனிப் பகுதி) ஒன்றைத் திறக்கிறது. இதன்பின் க்யூ செய்யும் வரிகள் அந்தப் புதிய பஃபரில் சேரும். புல் செய்யும்போது அவையே முதலில் வரும். ஆனால் ஒன்றை நன்றாக மனத்தில் இருத்துங்கள்: மேக்பஃப் பழைய வரிகளை மறைப்பதில்லை. புதிய பஃபர் தீர்ந்த பிறகும் புல் செய்தால், கீழே உள்ள பஃபரிலிருந்து அடுத்தவருடைய வரி வந்துவிடும். க்யூடு சார்பு சொல்லும் எண்ணிக்கையும் எல்லாப் பஃபர்களையும் சேர்த்ததே. மேக்பஃப்பை ஒரு பூட்டு என்று நினைத்து எழுதப்பட்ட நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு அந்த வல்லமை இல்லை.

மேக்பஃப் தான் திறந்த பஃபரின் எண்ணை ரிட்டர்ன் கோடாக (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்ணாக) தருகிறது. அந்த எண்ணை உடனே ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். டிராப்பஃப் கட்டளைக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் அந்தப் பஃபரும் அதற்குப் பின் திறந்த பஃபர்களும் ஒருசேர நீங்கும். எண் கொடுக்காமல் விட்டால் கடைசிப் பஃபர் மட்டுமே நீங்கும். இடையில் அழைத்த நிரல் ஒன்று தன் பஃபரை மூடாமல் போயிருந்தால் உங்களுடையது அப்படியே கிடக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. நிரலின் தலையில் 'சிக்னல் ஆன் எரர்' என்று எழுதியிருந்தால், மேக்பஃப் தரும் பூச்சியமல்லாத எண்ணையே பிழை என்று கொண்டு ரெக்ஸ் பிழைப் பகுதிக்குத் தாவிவிடும். எண்ணிக்கையை ரிட்டர்ன் கோடாகத் தரும் சென்ட்ரீஸ் கட்டளைக்கும் இது பொருந்தும். அந்த ஓரிரு வரிகளுக்கு மட்டும் எரர் பொறியை அணைத்து, பிறகு மீண்டும் போட வேண்டும்.

டெஸ்பஃப் கட்டளையை எட்டத்தில் வையுங்கள். அது ஸ்டாக் முழுவதையும் துடைக்கிறது. உங்களை அழைத்தவர் வைத்திருந்த வரிகளும் அதோடு போய்விடும்.

இரண்டாம் படி: பதிலை ஸ்டாக்குக்கே அனுப்பாதிருத்தல்

சிபி கட்டளையின் பதிலைப் பெற எக்ஸெக்ஐஓ கட்டளையைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அது பதில் வரிகளை இயல்பாகவே ஸ்டாக்கில் வரிசையாக இடும். ரெக்ஸ் 1979-இல் மைக் கௌலிஷா தொடங்கிய மொழி. அந்தக் காலத்து எக்ஸெக் நிரல்களுக்கு ஸ்டாக்தான் பொதுச் சந்தி. ஐபிஎம் டென்மார்க்கின் ஜான் ஹார்ட்மன், ஒரு பகுதியின் வெளியீட்டை அடுத்த பகுதிக்கு ஊட்டும் சிஎம்எஸ் பைப்லைன்ஸை உருவாக்கிய பிறகு அந்தத் தேவை பெருமளவு நீங்கிவிட்டது. இன்றும் புதிதாக எழுதும் நிரலில் பதிலை ஸ்டாக் வழியாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டிய அவசியம் எனக்குத் தெரிந்து மிக அரிது.

பைப்லைனில் ஒரே வரி போதும்:

பைப் சிபி க்வெரி நேம்ஸ் | ஸ்டெம் பதில்.

இங்கே பதில் நேராக ரெக்ஸ் மாறிகளுக்குப் போகிறது. ஸ்டாக்கை எதுவும் தொடுவதில்லை. ஸ்டெம்மின் (எண்ணிட்ட மாறித் தொகுப்பின்) பூச்சியமாவது உறுப்பில் வரிகளின் எண்ணிக்கை இருக்கும். பதிலே வராவிட்டால் அது பூச்சியமாக இருக்கும். முந்தைய ஓட்டத்தில் பன்னிரண்டு வரிகள் வந்து, இப்போது நான்கே வந்திருந்தால், ஐந்து முதல் பன்னிரண்டு வரையிலான பழைய மதிப்புகள் மாறிகளில் அப்படியே இருக்கும். ஆகவே வட்டத்தின் எல்லையைப் பூச்சியமாவது உறுப்பிலிருந்து மட்டுமே எடுங்கள்.

பைப்பில் செங்குத்துக் கோட்டால் பிரியும் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஸ்டேஜ். சிபி கட்டளைகளுக்குச் சிபி ஸ்டேஜ். சிஎம்எஸ் கட்டளைகளுக்குக் கமாண்ட் ஸ்டேஜ். லிஸ்ட்ஃபைல் கட்டளையைக் கமாண்ட் ஸ்டேஜில் கொடுத்தால் திரைக்குப் போக வேண்டிய வரிகள் பைப்பில் வந்து சேரும். ஸ்டாக் என்ற விருப்பத்தை அதோடு சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் வரிகள் பைப்பை விட்டு ஸ்டாக்குக்குப் போய், தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம். பதிலே வேண்டாம், கட்டளை ஓடினால் போதும் என்றால் கடைசியில் ஹோல் ஸ்டேஜை வைத்து வரிகளை விழுங்கச் செய்யலாம். நிரலின் முதல் வரியாக 'அட்ரஸ் கமாண்ட்' எழுதிவிட்டால், தவறாகத் தட்டிய ஒரு கட்டளைப் பெயர் இன்னோர் எக்ஸெக் கோப்பைத் தேடிப் பிடித்து ஓட்டும் வாய்ப்பும் அடைபடும்.

ரெக்ஸில் நீங்களே எழுதும் ஸ்டேஜ்களுக்குள் க்யூ, புல் இரண்டையும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. ஒரே பைப்பில் உள்ள ஸ்டேஜ்கள் மாறி மாறி ஓடுகின்றன. எது எப்போது ஓடும் என்பதைப் பைப்லைனின் உள் ஒழுங்கு தீர்மானிக்கிறது. ஸ்டாக்கோ அவை எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒரு ஸ்டேஜ் வைத்ததை வேறொரு ஸ்டேஜ் எடுத்துவிடும். தற்காலிகமாக வரிகளைச் சேர்த்து வைக்க வேண்டுமானால் அந்த ஸ்டேஜின் சொந்த ஸ்டெம் மாறி இருக்கிறது.

மூன்றாம் படி: கட்டளையை மாறியிலிருந்து ஊட்டுதல்

பயனர் பெயர், கோப்புப் பெயர் போன்றவை வெளியிலிருந்து வரும்போது பலரும் அவற்றைப் பைப் சரத்துக்குள் ஒட்டிவிடுகிறார்கள். அந்த மதிப்பில் ஒரு செங்குத்துக் கோடு இருந்தால் பைப் அதை ஸ்டேஜ் பிரிப்பான் என்று கொள்ளும். கோட்டுக்குப் பின்னால் உள்ளது புதிய ஸ்டேஜாக ஓடும். தீய நோக்கத்தோடு யாராவது அனுப்பினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. தவிர்க்கும் வழி எளிது: கட்டளையை முதலில் ஒரு மாறியில் அமைத்து, மாறியின் பெயரை மட்டும் பைப்புக்குக் கொடுங்கள்.

பைப் வார் கட்டளை | சிபி | ஸ்டெம் பதில்.

இப்போது மதிப்புக்குள் எந்தக் குறி இருந்தாலும் பைப்லைனின் அமைப்பு மாறாது. சிபிக்குள் போன பிறகு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. நிரல்கள் சிபிக்குக் கட்டளை அனுப்பும் வழியான டயக்னோஸ் 8 மூலம் போகும் கட்டளையில் பதினாறடிமான 15 என்ற பைட் இருந்தால், சிபி அதைக் கட்டளைகளுக்கு இடையிலான பிரிப்பாகக் கொண்டு, அடுத்து உள்ளதைத் தனிக் கட்டளையாக ஓட்டும். வெளியிலிருந்து வரும் மதிப்பில் எழுத்தும் எண்ணும் மட்டுமே இருக்கின்றனவா, நீளம் எட்டுக்குள் அடங்குகிறதா என்று வெரிஃபை சார்பால் பார்த்த பிறகே கட்டளையில் சேருங்கள். சரிபார்க்கும்போதே பெரிய எழுத்துக்கும் மாற்றிவிடுங்கள். டயக்னோஸ் வழியே போகும் கட்டளையைச் சிபி பெரிய எழுத்தில்தான் எதிர்பார்க்கும்.

நான்காம் படி: எந்தப் பதில் எந்தக் கட்டளைக்கு

ஒரு கட்டளைக்கு ஒரு பைப் என்றால் குழப்பம் இல்லை. ஐம்பது கட்டளைகளை ஒரே சிபி ஸ்டேஜுக்குள் அனுப்பும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. எல்லாப் பதில்களும் ஒரே ஓடையாக வெளியே வரும். ஒரு கட்டளைக்கு ஒரு வரிப் பதில், இன்னொன்றுக்கு இருபது வரி, வேறொன்றுக்கு எதுவுமே இல்லை. வரிகளை எண்ணிப் பொருத்தப் பார்ப்பது வீண். தேயிலைத் தோட்டத்து எடை மேடையில் சீட்டு இல்லாமல் இறக்கிய கொழுந்து மூட்டை யார் கணக்கில் ஏறும் என்று சொல்ல முடியாது அல்லவா, அதே நிலைதான்.

சீட்டைச் சிபி ஸ்டேஜே தருகிறது. அதன் இரண்டாம் வெளியோடையை நீங்கள் இணைத்தால், ஒவ்வொரு கட்டளையின் பதிலையும் முதல் ஓடையில் எழுதி முடித்த பிறகு, அந்தக் கட்டளையின் ரிட்டர்ன் கோடை இரண்டாம் ஓடையில் எழுதும். அதன் பின்னரே அடுத்த கட்டளையை எடுக்கும். இந்த ஒழுங்கைப் பயன்படுத்தி இரண்டு ஓடைகளையும் ஃபேனின்எனி ஸ்டேஜில் ஒன்றாகச் சேர்க்கலாம்:

பைப் (எண்ட்சார் ?) ஸ்டெம் கட்டளை. | சி: சிபி | ஸ்பெக்ஸ் /ப / 1 1-* நெக்ஸ்ட் | எஃப்: ஃபேனின்எனி | ஸ்டெம் பதில்.
? சி: | ஸ்பெக்ஸ் /கோடு / 1 1-* நெக்ஸ்ட் | எஃப்:

இரண்டையும் ஒரே சரமாகச் சேர்த்தே கொடுக்க வேண்டும். இங்கே வாசிப்பதற்காகப் பிரித்திருக்கிறேன். பதில் வரி ஒவ்வொன்றின் தலையிலும் 'ப' என்ற அடையாளமும், ரிட்டர்ன் கோடு வரியின் தலையில் 'கோடு' என்ற அடையாளமும் ஏறுகின்றன. உண்மையான நிரலில் ஓரிரு ஆங்கில எழுத்துகளை வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் அடையாளம் இடுவது முக்கியம். ரிட்டர்ன் கோடுக்கு மட்டும் இட்டால், பதிலிலேயே அதே சொல்லோடு தொடங்கும் வரி வரும்போது கணக்கு பிசகும். ஸ்டெம்மைப் படிக்கையில், ஒரு 'கோடு' வரி வரும்வரை வருபவை அனைத்தும் முதல் கட்டளையின் பதில். அடுத்த 'கோடு' வரை இரண்டாவதன் பதில். பதிலே இல்லாத கட்டளைக்கு 'கோடு' வரி மட்டும் இருக்கும், அதுவும் தன் இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஒழுங்கு நிலைக்க ஒரு நிபந்தனை. சிபி ஸ்டேஜுக்கும் ஃபேனின்எனி ஸ்டேஜுக்கும் இடையில் வரிகளைத் தேக்கி வைக்கும் ஸ்டேஜ் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பெக்ஸ், லோக்கேட் போன்றவை ஒரு வரியை வாங்கியதும் அடுத்த கைக்குக் கொடுத்துவிடும். சார்ட், பஃபர் போன்றவை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கடைசியில்தான் விடும். அவற்றில் ஒன்று ஒரு கிளையில் இருந்தால் வரிசை கலைந்துவிடும். வரிசைப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் சேர்ந்த பிறகு செய்யுங்கள்.

ரிட்டர்ன் கோடைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். குன்னூர் என்ற பெயருள்ள பயனரை 'க்வெரி யூசர்' கட்டளையால் விசாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் உள்ளே இல்லையென்றால் சிபி எச்சிபிசிக்யூயூ045இ என்ற செய்தியைத் தரும். ரிட்டர்ன் கோடு 45. செய்தி எண்ணும் கோடும் ஒத்துப்போவது சிபியின் வழக்கம். உங்கள் பணிக்கு அந்த 45 பிழையாகாது. எதிர்பார்த்த விடைகளில் அதுவும் ஒன்று. கட்டளைப் பெயரே தவறு என்பதைக் காட்டும் 1 அப்படியல்ல. செய்தியின் சொற்களை அலசி முடிவெடுக்காமல் எண்ணைப் பாருங்கள். சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். பைப் முழுமைக்கும் வரும் ரிட்டர்ன் கோடை மட்டும் நம்புவதும் போதாது. எல்லா ஸ்டேஜ்களின் கோடுகளில் எதிர்ம எண் இருந்தால் அவற்றில் மிகச் சிறியதும், இல்லையென்றால் மிகப் பெரியதும்தான் அங்கே வரும். எந்த ஸ்டேஜ் தந்தது என்பது அதில் தெரியாது.

ஐந்தாம் படி: பதிலின் அளவு

டயக்னோஸ் 8 பதிலை ஒரு குறிப்பிட்ட அளவுள்ள இடத்தில்தான் எழுதும்; கொள்ளாதது வெட்டுப்படும். ரெக்ஸின் டயக் சார்புக்கு அளவு சொல்லாவிட்டால் 4096 பைட்; எக்ஸெக்ஐஓவுக்கு 8192. நூற்றுக்கணக்கானோர் உள்ளே இருக்கும் அமைப்பில் 'க்வெரி நேம்ஸ்' இதை எளிதில் தாண்டும். சிபி ஸ்டேஜில் கட்டளைக்கு முன்னால் ஓர் எண்ணை எழுதினால் அந்த அளவுக்கு இடம் ஒதுக்கும். ஒரு லட்சம் பைட் கொடுப்பதில் இன்றைய கணினிகளில் தயக்கம் வேண்டாம். வெட்டுப்பட்ட பதிலின் கடைசி வரி அரைகுறையாக நிற்கும். பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து ஏதேனும் ஒரு சேவை மெஷினை மீண்டும் தொடங்கும் நிரல்கள் இங்கேதான் இடறுகின்றன: பெயர் உண்மையில் இருக்கும், வெட்டுப்பட்ட பகுதியில்.

ஆறாம் படி: கேள்விக்கு முன்பே பதிலை வரிசையில் வைத்தல்

இதுவரை பார்த்தது கட்டளையிடமிருந்து வரும் பதில். கட்டளைக்கு நாம் தரும் பதிலும் ஸ்டாக் வழியாகவே போகிறது. ஆபத்தில் இது அதைவிடப் பெரியது.

ஃபார்மேட் கட்டளை இரண்டு கேள்வி கேட்கும். டிஸ்க்கில் உள்ள எல்லாக் கோப்புகளும் அழியும், தொடரலாமா, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்பது முதல் கேள்வி. டிஎம்எஸ்ஃபார்603ஆர் என்ற செய்தி. டிஸ்க்கின் பெயர் என்ன என்பது இரண்டாவது, 605ஆர். ஆளில்லாமல் ஓட வேண்டிய நிரல்கள் '1' என்பதையும் பெயரையும் முன்கூட்டியே க்யூ செய்துவிட்டு ஃபார்மேட்டை அழைக்கும்.

192 என்ற முகவரியில் டிஸ்க் இணைக்கப்படவில்லை என்று கொள்வோம். ஃபார்மேட் கேள்வி கேட்கும் நிலைக்கே வராமல் பிழையோடு திரும்பிவிடும். '1' ஸ்டாக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும். நிரல் ரிட்டர்ன் கோடைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகிறது. அந்த அடுத்த வேலையில் இன்னொரு டிஸ்க்குக்கு ஃபார்மேட் வருகிறது; அங்கே மனிதர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று நிரலாசிரியர் வேண்டுமென்றே எதையும் க்யூ செய்யாமல் விட்டிருக்கிறார். ஃபார்மேட் கேட்கிறது. பழைய '1' ஆம் என்று பதில் சொல்லிவிடுகிறது. டிஸ்க் போய்விட்டது.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். கேள்வி வரும் நிலை உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கே 'க்வெரி விர்ச்சுவல் 192' கட்டளையால் டிஸ்க் இருப்பதை உறுதி செய்யலாம். பிறகு க்யூடு சொல்லும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். மேக்பஃப் செய்து, பஃபர் எண்ணை எடுத்து வையுங்கள். பதில்களைக் கேள்வி வரும் வரிசையில் க்யூ செய்யுங்கள். கட்டளையை ஓட்டுங்கள். ரிட்டர்ன் கோடை உடனே வேறொரு மாறிக்கு மாற்றுங்கள், ஏனெனில் அடுத்த கட்டளை அதன்மேல் எழுதிவிடும். இப்போது க்யூடு எண்ணிக்கையை மீண்டும் பாருங்கள். தொடக்கத்தில் குறித்த எண்ணோடு சமமாக இருந்தால் எல்லாப் பதில்களும் பயன்பட்டன. கூடுதலாக இருந்தால் கேள்வி குறைவாக வந்திருக்கிறது. குறைவாக இருந்தால் கேள்வி அதிகமாக வந்து, கீழே இருந்த அடுத்தவருடைய வரியைத் தின்றிருக்கிறது. கூடினாலும் குறைந்தாலும் நிரல் நின்று, செய்தி எழுதிவிட்டு வெளியேற வேண்டும். ரிட்டர்ன் கோடு பூச்சியமாக இருந்தாலும்கூட. கடைசியாக, எண்ணோடு டிராப்பஃப்.

மேக்பஃப் கீழே உள்ளதை மறைக்காது என்று முன்பே சொன்னேன். அழிக்கும் வல்லமையுள்ள கட்டளைக்கு முன் கீழே எதுவுமே இருக்கக் கூடாது என்று நினைத்தால், பைப்லைனின் ஸ்டாக் ஸ்டேஜ் உதவும்:

பைப் ஸ்டாக் | ஸ்டெம் காப்பு.

பைப்பின் முதல் ஸ்டேஜாக இருக்கும்போது அது ஸ்டாக்கில் உள்ள வரிகளின் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டு, அத்தனையை மட்டும் படிக்கும். திரையிடம் போய் நிற்காது. வேலை முடிந்ததும் ஸ்டெம்மை முதல் ஸ்டேஜாகவும் ஸ்டாக்கைக் கடைசி ஸ்டேஜாகவும் வைத்தால் வரிகள் அதே வரிசையில் திரும்பிப் போகும். இதில் ஒரு குறை உண்டு: பல பஃபர்களில் பிரிந்திருந்த வரிகள் அனைத்தும் இப்போது ஒரே பஃபரில் சேர்ந்துவிடும். உங்களை அழைத்த நிரல் பிறகு தன் பஃபரை டிராப்பஃப் செய்தால், அதற்குக் கீழே இருந்திருக்க வேண்டிய வரிகளும் சேர்ந்து போகும். அழைக்கும் நிரல்கள் பஃபர் எண்களைச் சார்ந்திருக்கின்றனவா என்பதைப் பார்த்த பிறகு இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். என் கருத்தில், டிஸ்க்கை அழிக்கும் கட்டளை ஒன்றுக்காக இந்த விலையைக் கொடுக்கலாம். சாதாரண விசாரணைக் கட்டளைகளுக்கு வேண்டாம்.

ஏழாம் படி: இடையில் அறுந்தால்

நிரல் நடுவில் முறிந்தாலும் பஃபர் மூடப்பட வேண்டும். 'சிக்னல் ஆன் சின்டாக்ஸ்', 'சிக்னல் ஆன் ஹால்ட்', 'சிக்னல் ஆன் நோவேல்யூ' மூன்றையும் தலையில் எழுதி, மூன்றும் ஒரே துப்புரவுப் பகுதிக்குப் போகும்படி செய்யுங்கள். அங்கே பஃபர் எண் மாறி பூச்சியமல்லாமல் இருந்தால் மட்டும் டிராப்பஃப். அந்த மாறிக்குத் தொடக்கத்திலேயே பூச்சியம் இட்டிருக்க வேண்டும். மூடியதும் மறுபடி பூச்சியமாக்க வேண்டும். இயல்பாக முடியும் வழியும் இதே பகுதியைக் கடந்தே வெளியேறட்டும். இரண்டு இடங்களில் துப்புரவு எழுதினால், ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவோம்.

தொடர்பு அறுந்த நிலையிலும் ஓட வேண்டிய நிரலில் வெறும் புல் எங்கும் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் முன் க்யூடு பூச்சியத்துக்கு மேல் இருக்கிறதா என்ற சோதனை வேண்டும். நீங்கள் மீண்டும் இணையும்போது, ரன் அமைப்பு ஆன் நிலையில் இல்லாவிட்டால் மெஷின் சிபி ரீட் நிலையில் நின்றிருக்கும். பிகின் என்று தட்டினால்தான் தொடரும். மழைக்காலத்தில் அடிக்கடி துண்டிக்கப்படும் இடங்களில் இருப்பவர்கள் 'செட் ரன் ஆன்' என்பதைப் புரொஃபைல் எக்ஸெக்கிலேயே எழுதி வைப்பது நலம்.

எட்டாம் படி: தாமதமாக வரும் பதில்

சில கட்டளைகளின் பதில் கட்டளையோடு வருவதில்லை. பிற கணினிகளோடு கோப்புகளைப் பரிமாறும் ஆர்எஸ்சிஎஸ் மெஷினுக்கு எஸ்மெசேஜ் கட்டளை மூலம் ஒன்றைக் கேட்டால், சிபி அதை அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்று பூச்சியம் தந்துவிடும். உண்மையான பதில் சில நொடிகள் கழித்துத் தனிச் செய்திகளாக வரும். சிபி ஸ்டேஜ் இவற்றைப் பிடிக்காது. ஸ்டார்மெசேஜ் ஸ்டேஜ்தான் பிடிக்கும்; அதற்கு முன், செய்திகள் திரைக்குப் போகாமல் நிரலுக்கு வரும்படி 'செட் மெசேஜ் ஐயூசிவி' என்று அமைக்க வேண்டும், முடிந்ததும் பழையபடி ஆன் செய்துவிட வேண்டும்.

இங்கே மூன்று காவல்கள் தேவை. கேட்கத் தொடங்கிய பிறகே கட்டளையை அனுப்ப வேண்டும். முன்னால் அனுப்பினால் விரைந்து வரும் பதில் தப்பிவிடும். ஸ்டார்மெசேஜ் ஸ்டேஜுக்கு வாதமாகவே கட்டளையைக் கொடுத்தால், இணைப்பு ஏற்பட்ட பிறகு அதுவே அனுப்பிவிடும். இரண்டாவது, அனுப்பியவர் யார் என்று பார்ப்பது. ஒவ்வொரு வரியின் முதல் எட்டு இடங்களில் செய்தியின் வகை, அடுத்த எட்டில் அனுப்பியவரின் பெயர், அதன் பின்னரே செய்தி. சாதாரணச் செய்திக்கு வகை 1, எஸ்மெசேஜ் என்றால் 4. எதிர்பார்த்த பெயரிலிருந்து வராத எதையும் லோக்கேட் ஸ்டேஜால் விலக்குங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அமைப்பில் உள்ள எவரும் உங்கள் நிரலுக்குப் பொய்ப் பதில் அனுப்ப முடியும்.

மூன்றாவது, காத்திருப்புக்கு எல்லை. ஸ்டார்மெசேஜ் தானாக முடியாது. அதே பைப்பில் இரண்டாவது வரிசையாக, லிட்டரல் +30 என்பதை டிலே ஸ்டேஜுக்கும் அதன் பின் பைப்ஸ்டாப் ஸ்டேஜுக்கும் கொடுத்தால், 30 நொடியில் காத்திருக்கும் ஸ்டேஜ்கள் நின்றுவிடும். அதுவரை வந்தவை ஸ்டெம்மில் இருக்கும். நேரம் தீர்ந்து நின்றதா, பதில் முடிந்து நின்றதா என்பதை, பதிலின் இறுதி வரியாக எதை எதிர்பார்க்கிறீர்களோ அது வந்ததா என்று பார்த்துத்தான் அறிய முடியும்.

பிணைய மேலாண்மை மென்பொருளான நெட்வியூவின் பைப்பில் இதே வேலையைக் கார்வெயிட் ஸ்டேஜ் செய்கிறது. எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதை அதற்குக் கொடுக்கிறோம். பிணையத் தொடர்பு மென்பொருளான விடேமின் கட்டளைகளுக்கான பதில் ஐஎஸ்டி314ஐ என்ற முடிவுச் செய்தியோடு நிற்பதால், அதைக் கண்டதும் நிறுத்தச் சொல்லலாம்; முழு நேரமும் காத்திருக்க வேண்டாம். இசட்ஓஎஸ் இயங்குதளத்தின் டிஎஸ்ஓ பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அங்கே நியூஸ்டாக் கட்டளை பழைய ஸ்டாக்கை உண்மையாகவே மறைத்துவிடும், டெல்ஸ்டாக் செய்யும்வரை கீழே உள்ளது கண்ணில் படாது. ஆனால் அங்கும் மிச்ச வரிகள் கட்டளையாக ஓடும் வழக்கம் இருக்கிறது. பதிலைப் பிடிக்க அவுட்ட்ராப் சார்பு. டிபுட் மூலம் திரைக்கு நேராக எழுதும் கட்டளைகளை அது பிடிக்காது.

சோதித்துப் பார்த்தல்

நிரலை ஓட்டுவதற்கு முன் ஸ்டாக்கில் தீங்கற்ற ஓர் அடையாள வரியை நீங்களே வையுங்கள். சே கட்டளையால் ஒரு சொல்லை அச்சிடும் சிறிய எக்ஸெக்கின் பெயராக அது இருக்கட்டும். நிரல் முடிந்ததும் அந்தச் சொல் திரையில் ஒரே ஒரு முறை வந்தால், உங்கள் நிரல் அடுத்தவருடைய வரியைத் தொடவில்லை. வரவே இல்லையென்றால் எங்கோ ஒரு புல் அதிகம், அல்லது ஒரு டெஸ்பஃப் ஒளிந்திருக்கிறது. அதோடு வேறு ஏதாவது 'தெரியாத சிபி/சிஎம்எஸ் கட்டளை' என்ற செய்தியும் வந்தால் உங்கள் வரிகள் மிச்சமாகியிருக்கின்றன. இதே சோதனையை டிஸ்க் இணைக்காமல் ஒரு முறை, பயனர் உள்ளே இல்லாதபோது ஒரு முறை, நடுவில் எச்ஐ என்ற நிறுத்தக் கட்டளையைத் தட்டி நிறுத்தி ஒரு முறை என்று தோல்விப் பாதைகளிலும் செய்யுங்கள். வெற்றிப் பாதையில் மட்டும் சோதித்த நிரலில்தான் மிச்ச வரிகள் ஒளிந்திருக்கும்.

இறுதியாகத் துண்டிப்புச் சோதனை. 'ஸ்பூல் கன்சோல் ஸ்டார்ட்' என்று கொடுத்து, திரையில் வருவதெல்லாம் பதிவாகும்படி செய்துகொண்டு, நிரலைத் தொடங்கி, டிஸ்கனெக்ட் கட்டளையால் தொடர்பை விடுங்கள். உங்கள் அமைப்பில் உள்ள வெளியேற்ற நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாகக் காத்திருந்து மீண்டும் உள்ளே நுழையுங்கள். பழைய மெஷினோடு இணைவதற்குப் பதிலாகப் புதிதாக லாகான் ஆனால், நடுவில் மெஷின் வெளியேற்றப்பட்டிருக்கிறது. கன்சோல் பதிவின் கடைசி வரியைத் திறந்து பாருங்கள்; பதிலுக்காக நிரல் நின்ற கேள்வி அங்கே இருக்கும். அந்தக் கேள்வியை எழுப்பிய கட்டளைக்கு ஆறாம் படியின் ஒழுங்கைப் பொருத்திவிட்டு, துண்டிப்புச் சோதனையை மறுபடி தொடங்குங்கள்.